புது லேஅவுட் சுவரில் பழைய ஊரை வரைவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வயலும் ஏரி உள்வாயும் மனையாகி, தார்ச்சாலை போட்டு, வீடுகள் நெருங்கியபின் அசோசியேஷன் கூட்டத்தில் யாராவது ஒருவர் "நம்ம காம்பவுண்டு சுவர்ல இந்த ஊரோட பாரம்பரியத்தைக் காட்டுற மாதிரி ஏதாவது வரையலாமே" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்த வாரமே ஓர் ஓவியரைப் பிடித்து, போனில் நாலு படம் காட்டி, வேலை தொடங்கிவிடும். ஒரு மழைக்காலம் போனதும் பாதி ஓவியம் செதில் செதிலாக உரிந்திருக்கும். மீதிப் பாதியில் இருப்பது வேறு ஏதோ ஊர்.

இதை எழுதும்போது என் மனதில் இருப்பது தென்சென்னைப் புறநகர்: பெரும்பாக்கம், செம்மஞ்சேரியிலிருந்து கேளம்பாக்கம், தையூர் வரைக்கும். உங்கள் ஊர் வேறாக இருந்தாலும் வேலையின் வரிசை இதுதான். வரைவது கடைசிக்கு முந்தின வேலை என்பதை மட்டும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் காலம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இருக்கும். அதனால் பேச்சு, அனுமதி, ஊர் விசாரணை எல்லாம் ஜூலை முதல் செப்டம்பருக்குள். மழை பெய்யும் மூன்று மாதமும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான் வேலை (ஏன் என்று பின்னால் வருகிறது). பிப்ரவரியில் பூச்சு, மார்ச்சில் ஓவியம். "பொங்கலுக்குள் முடிக்கணும்" என்று ஆரம்பிப்பவர்கள் ஈரச் சுவரில்தான் வரைகிறார்கள்.

அடுத்து ஆட்கள். முடிவெடுக்க மூன்று நான்கு பேர் போதும். அதில் ஒருவராவது லேஅவுட்டுக்கு வெளியே, பழைய ஊரில் வீடுள்ளவராக இருக்கட்டும். நாற்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் டிசைனை ஓட்டுக்கு விட்டால் கடைசியில் ஒரு மயிலும் ஒரு தாமரையும்தான் மிஞ்சும்.

அப்புறம் பணம். ஓவியரின் கூலி ஒரு கணக்கு. சுவர் தயாரிப்பும் சாரமும் இன்னொரு கணக்கு. பராமரிப்பு மூன்றாவது. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கையாவது பராமரிப்புக்கென்று முதல் நாளே எடுத்து வைத்துவிட வேண்டும், ஏனென்றால் ஓவியம் முடிந்து போட்டோ எடுத்தபின் அதற்காக யாரும் பணம் தரமாட்டார்கள்.

2. சுவர் யாருடையது என்று எழுத்தில் தெரிந்துகொள்ளுங்கள்

லேஅவுட்டுக்கு அங்கீகாரம் வாங்கும்போது சாலைகளையும் ஓ.எஸ்.ஆர். இடத்தையும் (பொதுத் திறந்தவெளிக்கென்று ஒதுக்கிய இடம்) பில்டர் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார். பூங்கா என்று நீங்கள் நினைக்கும் இடமும் அதைச் சுற்றிய சுவரும் ஊராட்சியுடையதாகவோ மாநகராட்சியுடையதாகவோ இருக்கலாம். வெளிக் காம்பவுண்டு சுவர் அசோசியேஷன் பொறுப்பில் இருக்கலாம், பக்கத்து நிலத்துக்காரருடன் பொதுச்சுவராகவும் இருக்கலாம். தானப் பத்திர நகலையும் அங்கீகார வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கிவிடும்.

பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. அதனால் சுவரின் உரிமையாளர் யாரோ அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கவுன்சிலர் வாயால் "பண்ணுங்க சார்" என்றது அனுமதி ஆகாது. கையெழுத்தும் தேதியும் உள்ள கடிதத்தை லேமினேட் செய்து காவலாளி அறையில் ஒரு நகல் வைப்பது நல்லது. தேர்தல் நேரத்தில் வெள்ளையடிக்க வருபவர்கள் இது கட்சி விளம்பரமா ஓவியமா என்று நின்று பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்கள், அப்போது நீட்ட ஒரு காகிதம் வேண்டும்.

மின்மாற்றி, பில்லர் பாக்ஸ் பக்கமெல்லாம் போகவே வேண்டாம். மின்வாரியத்தின் சொத்து, ஆபத்தும்கூட.

3. படம் தேடும் முன் ஊரைத் தேடுங்கள்

புதிதாக இறங்குபவர்கள் இந்தப் படியைத்தான் தாண்டிக் குதிக்கிறார்கள். பாரம்பரியம் என்றால் கோயில், கோலம், பரதம், ஜல்லிக்கட்டு என்று ஏற்கெனவே தெரியும் என்ற நினைப்பு. அப்படித்தான் செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிக்கரையில் தஞ்சைப் பெரிய கோயில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

முதலில் காகிதம். உங்கள் லேஅவுட்டின் புல எண்களை எடுத்துக்கொண்டு அரசின் நில ஆவண இணையதளத்தில் அ-பதிவேடும் (புல எண் வாரியான நில விவரப் பதிவேடு) புலப்படமும் பாருங்கள். நஞ்சையா புஞ்சையா, பக்கத்தில் வாய்க்கால் எது, மேய்க்கால் புறம்போக்கு எங்கே, களம் எங்கே என்பதெல்லாம் கிடைக்கும். செயற்கைக்கோள் படங்களைப் பழைய ஆண்டுகளுக்குத் தள்ளிப் பார்த்தால் உங்கள் தெருவில் எப்போது வரை நெல் இருந்தது என்றுகூடத் தெரியும். ஊர்க் கோயிலில் கல்வெட்டு இருந்தால் அதன் வாசகம் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் பதிப்பாகியிருக்கிறதா என்று ஒரு நூலகத்தில் கேளுங்கள். பூசாரி சொல்லும் "ஆயிரம் வருஷக் கோயில்" என்பதை அப்படியே சுவரில் எழுதிவிடாதீர்கள்.

பிறகு மனிதர்கள். நோட்டுப் புத்தகமும் போனும் தூக்கிக்கொண்டு பழைய ஊருக்குள் போனால் நிலம் எடுக்க அளக்க வந்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் நினைப்பார்கள். அதில் தப்பில்லை, பார்த்தது அப்படி. எதற்காக வந்தீர்கள் என்பதை உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். பில்டரின் ஆளைக் கூட்டிப் போகாதீர்கள், டீக்கடைக்காரரோ பால்காரரோ உடன் வந்தால் போதும்.

"உங்க ஊர் பாரம்பரியம் என்னங்க ஐயா?" என்று கேட்டால் பெரியவர் கோயில் திருவிழாவைச் சொல்லி முடித்துவிடுவார். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகும்? ஏரித் தண்ணீரை யார் திறந்துவிடுவார்? மாட்டை எந்த வழியாக ஓட்டிப் போவீர்கள்? சந்தைக்கு நடந்து போனால் எங்கே உட்கார்ந்து இளைப்பாறுவீர்கள்? முறை வைத்துத் தண்ணீர் விட்ட நீர்க்கட்டி, ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அங்கே பிடித்த மீன், பனங்காட்டில் நுங்கு வெட்டியது, கேளம்பாக்கம் கோவளம் பக்கம் உப்பளத்துக்கு விடியும் முன் நடந்துபோன பெண்கள், பக்கிங்ஹாம் கால்வாயில் போன படகு என்று பேச்சு தானாக விரியும்.

இரண்டு எச்சரிக்கை. ஒருவர் சொன்னதை வேறொரு தெருவில் இன்னொருவரிடம் சரிபாருங்கள், ஊருக்கும் காலனிக்கும் ஒரே இடத்தைப் பற்றி வேறு வேறு நினைவுகள் இருக்கும், இரண்டும் வேண்டும். அப்புறம் இருளர் போன்ற சமூகத்தாரின் தொழிலை வரைவதாக இருந்தால் வரைந்தபின் காட்டுவது போதாது, வரையலாமா என்று முன்பே கேட்க வேண்டும். இந்தப் பக்கத்து இருளர்கள் பாம்பு பிடிப்பதில் கெட்டிக்காரர்கள், வடநெம்மேலியில் 1978 முதல் அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கமே இருக்கிறது. ஆனால் அவர்களை இடுப்புத்துணியோடு பாம்பைத் தூக்கிப் பிடித்த வேடிக்கைப் பொருளாகச் சுவரில் நிறுத்துவதற்கு அவர்களே சம்மதிக்கமாட்டார்கள்.

4. எதை வரைவது என்று முடிவு செய்தல்

ஒரே சோதனை. இந்தப் படத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டுபோய் ஓசூரிலோ திருச்சியிலோ ஒரு லேஅவுட்டில் வைத்தால் பொருந்துமா? பொருந்தும் என்றால் அது உங்கள் ஊர்ப் படம் இல்லை, தள்ளிவிடுங்கள்.

நிலத்தடியில் கிடப்பது சங்கடமானதாகவும் இருக்கலாம். உங்கள் மூன்றாவது குறுக்குத் தெரு பழைய வாய்க்கால் மேல் போகிறது என்று ஆவணம் சொன்னால் "வீட்டு விலை போயிடும், வெளியே சொல்லாதீங்க" என்று கண்டிப்பாக ஒருவர் சொல்வார். என் கருத்து, அதைத்தான் வரைய வேண்டும். வாய்க்கால் போன தடத்தைச் சுவர் நெடுக ஒரு நீலப் பட்டையாக ஓட விடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் நின்ற உயரம் தெரிந்தவர்கள் இருந்தால் அந்த மட்டத்திலேயே கோடு போடுங்கள். சின்னக் குழந்தைகள் அதன் பக்கத்தில் நின்று தங்கள் உயரத்தை அளந்து பார்ப்பார்கள். எந்த மயிலும் இவ்வளவு வேலை செய்யாது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் தலமாக (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக) அறிவிக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதுவதைவிட, அங்கே வரும் பூநாரையும் நீலத்தாழைக்கோழியும் எந்த மாதத்தில் தெரியும் என்று எழுதுவது படிப்பவருக்கு உதவும்.

வேறு ஊரிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள் வாழும் இடமென்றால் கணக்கு வேறு. கண்ணகி நகரில் 2020-இல் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வந்தன. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் நகரத்தின் ஆற்றோரங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்கள், அவர்களுடைய ஊர் நினைவு கூவம் ஆற்றங்கரையில் இருக்கிறதே தவிர கால் வைத்திருக்கும் மண்ணில் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் அந்த நினைவையும் கேட்டு வாங்கி வரைய வேண்டும்.

கலை என்றால் சுவரோவியம்தான் என்றும் இல்லை. சுமைதாங்கிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும் இரண்டு கல்லின் மேல் ஒரு கிடைக்கல், தலைச்சுமைக்காரர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி ஏற்றுகிற உயரத்தில் இருக்கும். கர்ப்பமாக இருக்கும்போது இறந்த பெண்ணின் நினைவாக வீட்டார் நட்டது அது. உங்கள் ஊர்ச் சாலையில் அப்படி ஒன்று இருந்ததென்று தெரிந்தால், அதே அளவில் புதிதாக ஒன்று செய்து லேஅவுட் வாசலில் பஸ் ஏறும் இடத்தில் நிறுத்தலாம், பையை வைக்கவும் உதவும். கருங்கல் வேலைக்கு மாமல்லபுரம் பக்கத்திலேயே இருக்கிறது. கல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு கான்கிரீட்டோடு மண்ணுக்குள் போகட்டும், பிள்ளைகள் நிச்சயம் ஏறுவார்கள். ஆனால் எங்கேயோ வயலோரத்தில் நிற்கும் பழைய கல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து பூங்காவில் நடாதீர்கள், அது நிற்கும் இடத்தில்தான் அதற்கு மதிப்பு.

விலக்க வேண்டியவையும் உண்டு. யாரும் ஒதுங்காமல் இருக்கச் சாமி படம் போடலாம் என்று ஒருவர் கேட்பார், வேண்டாம், அதற்கு விளக்கும் கழிப்பறையும்தான் மருந்து. தலைவர் படம் வேண்டாம். நிறங்களிலும் ஒரு கண் வையுங்கள்: நம் ஊரில் இரண்டு மூன்று நிறப் பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினாலே ஏதோ ஒரு கட்சியின் கொடியோ சாதிச் சங்கத்தின் கொடியோ ஆகிவிடும்.

5. எந்தச் சுவர்?

மழை மாதங்களில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னது இதற்குத்தான். மழை விட்டதும் ஒரு சாக்பீஸோடு போய் எங்கே ஓதம் (தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம்) ஏறியிருக்கிறது, எங்கே நீர் கசிகிறது, எந்த இடம் கடைசியாகக் காய்கிறது என்று சுவரிலேயே கோடு போட்டு, போனில் படம் எடுத்து வையுங்கள். மறுபக்கம் மண் மேடாக அணைந்திருக்கும் சுவரில் ஓவியம் நிற்காது. அங்கே நீர் வடிகிற துளைகளையும் அடைத்துவிடாதீர்கள், சுவரே சாய்ந்துவிடும்.

மேற்குப் பார்த்த சுவரில் பிற்பகல் வெயில் நேராக விழுந்து நிறம் சீக்கிரம் வெளுக்கும். வடக்குப் பார்த்த சுவரில் நிறம் நிற்கும், ஆனால் பாசி பிடிக்கும். என்னைக் கேட்டால் பாசியைக் கழுவிவிடலாம், வெளுத்த நிறத்தை ஒன்றும் செய்ய முடியாது, வடக்கே போங்கள்.

பார்ப்பவர் எவ்வளவு தூரத்தில், எந்த வேகத்தில் இருப்பார் என்பதையும் பாருங்கள். பைக்கில் போகிறவருக்குப் பெரிய உருவம் மட்டும்தான் தெரியும். நடைபாதையை ஒட்டிய சுவரென்றால் நுணுக்கங்களை மூன்று நான்கு அடி உயரத்தில் வையுங்கள், பிள்ளைகள் நின்று பார்க்கட்டும்.

6. ஓவியரும் ஒப்பந்தமும்

ஓவியரை இப்போதுதான் தேட வேண்டும், முன்பே இல்லை. முதலில் ஓவியர் வந்துவிட்டால் அவருக்குக் கைவந்த படம்தான் உங்கள் ஊரின் பாரம்பரியமாகிவிடும். காகிதத்தில் வரைந்ததைக் காட்டுபவரைவிட, வெயிலில் இரண்டு மழைக்காலம் தாண்டிய சுவரைக் காட்டுபவரைத் தேர்ந்தெடுங்கள்.

அவரைக் கட்டாயம் ஊருக்குள் கூட்டிப்போங்கள். கூட்டிப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணம். பனை என்று சொன்னால் தென்னையை வரைவார்: வளைந்த தண்டு, இறகு மாதிரி ஓலை. பனையின் தண்டு கறுத்து நேராக நிற்கும், ஓலை விசிறியாக விரியும். ஆண் மரத்தில் நுங்குக் குலையைத் தொங்கவிட்டால் ஊர்ப் பெரியவர்கள் வருஷக்கணக்காகச் சிரிப்பார்கள். மதகு என்று சொன்னால் இணையத்தில் பார்த்த அணையின் இரும்பு ஷட்டரை வரைவார். பழைய ஏரி மதகில் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும், அவற்றை இணைக்கும் குறுக்குக் கல்லில் ஓர் ஓட்டை, அதன் வழியே நீளக் கம்பு இறங்கும், கம்பின் அடியில் இருக்கிற கூம்பு போன்ற அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் கரைக்கு அடியில் போகும் தூம்புக்குள் இறங்கும். இதை நேரில் பார்த்த கை வரைந்தால்தான் சரியாக வரும்.

ஒப்பந்தத்தை ஒரே பக்கத்தில் எழுதினால் போதும். சதுர அடி, பெயிண்ட் யார் வாங்குவது, பணம் எத்தனை தவணை (முழுவதையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள், முழுவதையும் கடைசிக்கு இழுக்கவும் செய்யாதீர்கள்), சாரத்தில் ஏறுபவருக்குப் பெல்ட், காப்பீடு. காப்புரிமை யாருக்கு, பிறகு சுவரை இடிக்கவோ வெள்ளையடிக்கவோ நேர்ந்தால் ஓவியருக்கு எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதையும் எழுதுங்கள். 1957 காப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, உரிமையை விற்றபின்பும் தன் படைப்பு சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமையைப் படைத்தவருக்குத் தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த சிற்பி அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் கழற்றி எடுத்ததற்காக, 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் மத்திய அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

7. சுவரைத் தயார் செய்தல்

ஓவியம் உரிந்துபோனால் எல்லோரும் பெயிண்டைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றம் சுவரில் இருக்கும்.

புதிதாகப் பூசிய சுவர் என்றால் குறைந்தது 28 நாள் விட வேண்டும். சிமெண்டின் காரம் அடங்கும் முன் பெயிண்ட் அடித்தால் நிறம் திட்டுத் திட்டாக வெளுக்கும்.

வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் முதலில் காய்ந்த கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய், பெயிண்ட் அடித்தபின் உள்ளிருந்து தள்ளும். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல் போட்டு, தேய்த்து, கழுவி, நன்றாகக் காயவிடுங்கள்.

காய்ந்துவிட்டதா என்பதைக் கையால் தொட்டுச் சொல்ல முடியாது. ஓரடிக்கு ஓரடி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் பதித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் ஈரம், ஓவியரைத் திருப்பி அனுப்புங்கள். அடியில், நடுவில், மேலே என்று மூன்று இடத்தில் ஒட்டிப் பார்ப்பது நல்லது.

தரையிலிருந்து ஓரடி, ஒன்றரை அடி வரை ஓவியமே வேண்டாம். மழைத்துளி மண்ணோடு தெறிப்பதும் ஓதம் ஏறுவதும் அங்கேதான். அதைக் காவி நிறப் பட்டையாக விட்டுவிட்டால் வருஷா வருஷம் அந்தப் பட்டையை மட்டும் புதுப்பிக்கலாம். நம் திண்ணை வீடுகளில் இருந்த அதே ஏற்பாடு. சுவரின் உச்சியும் முக்கியம்: மேலே வாட்டம் கொடுத்து, ஓரத்தில் நீர் சொட்டி விழும்படி சின்னப் பிதுக்கம் வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அழுக்கு நீர் ஓவியத்தின்மேல் கோடு கோடாக வழியும்.

பட்டி பார்ப்பதாக இருந்தால் வெள்ளைச் சிமெண்ட் பட்டி மட்டும், அதுவும் மெல்லிசாக. வீட்டுக்குள் அடிக்கும் அக்ரிலிக் பட்டி வெளியே ஒரு மழை தாங்காது. பிறகு வெளிப்புறப் பிரைமர் ஒரு கோட், வெளிப்புற எமல்ஷன் இரண்டு கோட். வெளிப்புற எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்குச் சுமார் 50 முதல் 60 சதுர அடி வரும், சொரசொரப்பான சுவரென்றால் குறையும், அதை வைத்து வாங்குங்கள்.

8. வரைதல்

காலை பத்து மணிக்கு முன்பும் மாலை நான்குக்குப் பின்பும். சூடேறிய சுவரில் பெயிண்ட் பரவும் முன்பே காய்ந்து, பிரஷ் தடம் தெரியும்.

நிறத்தைக் கடையில் மெஷினில் கலந்து வாங்குங்கள். வெள்ளை எமல்ஷன் வாளியில் ஸ்டெயினர் டியூப்பை அளவில்லாமல் பிதுக்கி அடர்த்தியான நிறம் உண்டாக்கினால், ஒட்டிப் பிடிக்கும் சத்து குறைந்து கையில் தேய்த்தாலே பொடியாக வரும். காவி, செங்கல், மண்மஞ்சள் போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் வெயிலைத் தாங்கும். பளீர் சிவப்பும் இளஞ்சிவப்பும் மேற்குச் சுவரில் முதலில் போகும்.

கட்டம் போட்டு வரைந்தால் நூல் அடித்த கோடுகள் மட்டமாக இருக்க வேண்டும். சாலை சரிவாக இருக்கும், அதைப் பார்த்துக் கோடு போட்டால் ஏரித் தண்ணீர் சாய்ந்து நிற்கும்.

எழுத்து வருகிறதென்றால் முழு அளவில் காகிதத்தில் அச்செடுத்து, தமிழ் தெரிந்த இருவரைத் தனித்தனியே படிக்கச் சொல்லுங்கள். ற, ர, ண, ன, ஒற்று எல்லாவற்றையும். சுவரில் ஏறிய பிழை போட்டோவில் எல்லா ஊருக்கும் போய்விடும்.

மேல்பூச்சாக வெளிப்புறத்துக்கான, நீர் சார்ந்த கிளியர் கோட் போடலாம். ஓதம் இருக்கும் சுவரில் அதையும் தவிர்ப்பதே மேல். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் ஓவியத்தையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

9. முடிந்தபின்

திறப்பு விழாவுக்கு எம்.எல்.ஏ.வைக் கூப்பிடுவது உங்கள் விருப்பம். கதை சொன்ன பெரியவர்களைக் கூப்பிடுவது கட்டாயம், உட்கார நாற்காலியோடு. அவர்கள் சம்மதித்தால் மட்டும் ஓரத்தில் பெயர் எழுதுங்கள்.

ஓவியத்தில் தப்பு இருந்தால் அன்றே அவர்கள் சொல்லிவிடுவார்கள். அதற்காக ஓவியரின் கடைசித் தவணையை விழாவுக்கு ஒரு வாரம் கழித்துக் கொடுப்பதாக முன்பே பேசிக்கொள்ளுங்கள், திருத்தம் செய்ய அவரும் தயாராக இருப்பார்.

அசோசியேஷன் நிர்வாகிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அனுமதிக் கடிதம், ஒப்பந்தம், ஒவ்வொரு நிறத்தின் ஷேடு எண், சுவரைப் பகுதி பகுதியாக எடுத்த படங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். சுவரில் புதிதாக கேபிளோ குழாயோ போடுகிறவர் துளை போடும் முன் யாரிடம் கேட்க வேண்டும் என்று காவலாளிக்குச் சொல்லி வையுங்கள், ஓவியங்களுக்கு மழையைவிடப் பெரிய எதிரி டிரில்லிங் மெஷின். ஒவ்வொரு ஜனவரியிலும் சுவரைக் கழுவி, அடிப்பட்டையைப் புதுப்பித்து, உரிந்த இடங்களை ஒட்டுப் போடுங்கள். மிஞ்சிய பெயிண்டை டப்பா நிறைய ஊற்றி இறுக மூடி, மூடியின் மேலேயே ஷேடு எண்ணையும் தேதியையும் எழுதி நிழலில் வையுங்கள். மொட்டைமாடித் தொட்டி அறையில் வைத்தால் ஒரே கோடையில் தயிராகத் திரிந்துவிடும்.